பன்னிரண்டாம் கூஜா

வாருங்கள், சாட்சிகளே! மொந்தராஸ்கோ மலைச்சரிவில் முதுகொடியத் திராட்சை பறித்தவர்களே, பறித்ததைப் பருகியவர்களே, பருகாமலே பாராட்டிப் பழகியவர்களே, பக்கத்தில் வந்து நில்லுங்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் நிலவறையில், பட்டப்பகலில், மூன்று நடுவர்கள் கூடி ஒரு குன்றின் பெயரைக் கொல்லப் பார்த்தார்கள். கையில் கத்தி இல்லை. கண்ணாடிக் கோப்பை இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தீர்ப்புச் சொல்கிறோம் என்றார்கள். கட்டிய துணியில் இரண்டு ஓட்டைகள் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணி. சங்கத்தின் எழுத்தர் நசாரியோ நிலவறைத் தரையில் மண்டியிட்டுக் கிடந்தார். பக்தியால் அல்ல. அவரைச் சுற்றிலும் எண் எழுதிய காகிதத் துண்டுகள் சருகுகளாய் உதிர்ந்து கிடந்தன.

குற்றம் குளிருடையது. பதினொரு மணிக்கு நடுவர்கள் வந்து அவ்வாண்டு ஒயின்களைச் சுவைப்பார்கள். தேறிய ஒயினுக்கு ஊரின் முத்திரை, தேறாததற்கு மறுமுறை. நிலவறையிலோ பல் கிட்டும் குளிர். குளிர்ந்த ஒயின் மணக்காது. மணக்காத ஒயினை வைத்த எழுத்தருக்கு வேலை இருக்காது. ஆகவே பதினொரு குடும்பங்கள் ஒப்படைத்திருந்த முப்பத்து மூன்று புட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி அடுப்பருகே நிறுத்தினார் நசாரியோ. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று புட்டி. கழுத்தோடு கழுத்தாகக் கயிறு கட்டி, வடிவம் தெரியாதபடி சாம்பல்நிறத் துணி உறை மாட்டி, உறையின்மேல் மாவுப் பசையால் எண் ஒட்டியிருந்தது. புட்டி சூடேறியது, பசை காய்ந்தது, எண்கள் உதிர்ந்தன.

தரை துடைக்கும் பால்மிரா வாளியோடு வந்து நின்றாள்.

"தரை வேலை என்னோடதுன்னு நினைச்சேன். உங்களுக்கு எப்பக் கொடுத்தாங்க?"

"மிதிச்சிடாதே பால்மிரா! நம்பரெல்லாம் உதிர்ந்துபோச்சு. எது யாரோடதுன்னே தெரியலை."

"ஓ, அப்ப வெளி முத்தத்துத் தொட்டியிலே மிதக்குற காகிதமும் உங்க கைங்கரியம்தானா? காலையிலேருந்து தண்ணி இறங்கலை. ஒரே பசை வேற."

"என்னோடதாத்தான் இருக்கும். காத்துலே பறந்திருக்கும். அதை அப்புறம் பாத்துக்கலாம், தாயே."

"முத்தம் வரைக்கும் பறக்குமா?"

"பறக்கும்! என் நேரத்துக்கு எல்லாம் பறக்கும்!"

இந்த எண்களின் சரித்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். யாருடைய ஒயின் எது என்று தெரியாமல் சுவைக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அதற்காகவே உறை, அதற்காகவே எண். ஆனால் எண் எப்படித் தரப்படுகிறது? தேவாலயத்தில் எந்தக் குடும்பம் எந்த வரிசை இருக்கையில் உட்காருகிறதோ, அதுவே அக்குடும்பத்து ஒயினின் எண். நம் பாட்டன்மார் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். முதல் இருக்கை சங்கத் தலைவர் வெஸ்மே குடும்பத்தினது. எனவே எண் ஒன்று. கடைசி இருக்கை, கதவுச் சந்தில் காற்றடிக்கும் பன்னிரண்டாம் இருக்கை, விதவை எர்சீலியாவினது. எது யாருடையது என்று தெரியாமலிருக்க வேண்டுமானால் நடுவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை மூடிக்கொண்டே வழிபட்டிருக்க வேண்டும்.

கணவன் இறந்தபின் ஐந்தாண்டுகளாக எர்சீலியா மெர்லா குன்றில் தனியாகவே கொடி நறுக்கி, தனியாகவே பறித்து, தனியாகவே ஒயின் ஆக்குகிறாள். சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் முறையும் தோற்றால் மெர்லா குன்று பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். பிறகு அந்தப் புட்டியில் குன்றின் பெயர் இருக்காது, ஊரின் பெயர் இருக்காது. 'சிவப்பு' என்ற ஒரே சொல்தான் இருக்கும். ஊரும் பேரும் இல்லாத சிவப்பு! ஒரு பெண்ணின் ஐந்தாண்டு உழைப்புக்கு ஒரு நிறம் கூலி!

இது நசாரியோவின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. ஆனால் நெஞ்சில் முள் கிடந்தபடியே பதினான்கு ஆண்டுகள் எழுத்தராக இருக்க முடியும் என்பதை அவர் நிரூபித்திருந்தார்.

"எதுக்கு இவ்வளவு தவிப்பு?" என்றாள் பால்மிரா. "ஒவ்வொண்ணா குடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடாதா? பதினாலு வருஷமா சுவைக்குறிப்பு எழுதுறீங்க!"

எழுதினார்; உண்மை. நடுவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார், எழுத்துப்பிழை திருத்தினார். ஒரு சொட்டு சுவைத்ததில்லை. ஆயினும் சொற்கள் அத்தனையும் மனப்பாடம். தார் மணம், உலர்ந்த ரோஜா, அதிமதுரம், பழந்தோல், வயலட் பூ! மாணவனுக்கு விடைகள் தெரியும். கேள்வி மட்டும்தான் தெரியாது.

முதல் கட்டிலிருந்து ஒரு வாய் குடித்தார். நாக்கில் தார் தேடினார். ஒயின் இருந்தது. இரண்டாவதில் ரோஜா தேடினார். ஒயின் இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஈறு துவர்த்தது, காது சூடானது, அறிவு விசாலமடைந்தது. பதினோராவதில் உண்மையிலேயே ரோஜா தெரிந்தது. இரண்டாகத் தெரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்றார்.

"எதை?"

"நிறத்தைப் பாக்கணும். வாய் பொய் சொல்லும், நிறம் சொல்லாது. வண்டியைச் சன்னல் பக்கம் தள்ளுவோம்."

"சக்கரத்துக்கு அடியிலே கல்லு வெச்சிருக்கு, நசாரியோ."

"எடுத்துட்டேன்."

"அதைத்தான் சொல்றேன்! எடுத்துட்டீங்க!"

கழுவும் நீர் ஓடுவதற்காக நிலவறைத் தரையைச் சாய்வாகக் கட்டியிருந்தார்கள். வண்டி அந்தச் சாய்வை அப்போதுதான் கண்டுகொண்டது. முதலில் மெதுவாக, மரியாதையாக நகர்ந்தது. பிறகு யாருடைய தலைமையும் தனக்குத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. எதிர்ச் சுவரில் மோதியபோது எழுந்த ஓசையில் மேலே அலுவலகச் சுவரிலிருந்த புனிதரின் படம் ஆணியிலிருந்து கழன்றது.

முப்பத்து மூன்று புட்டிகள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதல் இருக்கையின் ஒயினும் பதினோராம் இருக்கையின் ஒயினும், மேயரின் ஒயினும் மருந்துக் கடைக்காரரின் ஒயினும், ஒன்றோடொன்று தோள் சேர்ந்து, ஒரே செந்நிற ஊர்வலமாய்ச் சாக்கடை நோக்கி நடந்தன. மொந்தராஸ்கோவில் சமத்துவம் மலர்ந்த முதல் நாள் அது. அதைக் காண ஓர் எழுத்தரும் ஒரு துடைப்பமும்தான் இருந்தார்கள் என்பது வரலாற்றின் வஞ்சனை.

"அடைக்க வேண்டிய சாக்கடை அடைக்கலை, அடைக்கக் கூடாத தொட்டி அடைச்சுக்கிட்டு நிக்குது," என்றாள் பால்மிரா.

அப்போது படிக்கட்டின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"நசாரியோ! இருக்கீங்களா? என்ன சத்தம் அது?"

எர்சீலியா. நசாரியோ படிகளில் தாவி ஏறி, கதவை உடம்பால் மறைத்து நின்றார்.

"ஒண்ணுமில்லைக்கா. பால்மிரா வாளியைப் போட்டுட்டா."

கீழிருந்து, "நானா?" என்று ஒரு குரல் எழும்பி அடங்கியது.

எர்சீலியா ஒரு கூடையை நீட்டினாள். உறையிட்ட மூன்று புட்டிகள். நேரம் கடந்து கொண்டுவந்ததற்கு மன்னிப்புக் கேட்கும் முகமாய் இல்லை. கண்காட்சிக்கு மாடு கொண்டுவந்தவரின் முகமாய் இருந்தது.

"உறையெல்லாம் ஈரமா இருக்கேக்கா?"

"நல்லாக் கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன். அழுக்குப் புட்டின்னு அதுக்கும் மார்க்கு குறைப்பாரு உங்க தலைவர். தக்கையையும் எடுத்துட்டுத் துணி அடைச்சிருக்கேன், காத்து படட்டும்னு."

"அக்கா, இது மூணாவது தடவை. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இந்தத் தடவை எனக்குக் கவலையே இல்லை தம்பி. ஜெயிச்சாலும் சிரிப்பேன். தோத்தாலும் சிரிப்பேன்."

பாவம், துயரம் புத்தியைத் தொட்டுவிட்டது என்று எண்ணினார் நசாரியோ. அவளை முன்னறை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே ஓடினார்.

மணி பத்தே முக்கால். கையில் மூன்று புட்டி. மேசைமேல் நடுவர்களுக்கு ஊற்றிவைக்க, எண் எழுதிய பன்னிரண்டு கண்ணாடிக் கூஜா காலியாக. பதினொரு குடும்பங்களுக்கும் ஆள் அனுப்பி வேறு புட்டி கேட்கலாம். கேட்டால் அந்த நொடியே தலைவருக்குத் தெரியும், மாலைக்குள் ஊருக்குத் தெரியும், மறுநாள் நசாரியோ யாரென்று யாருக்கும் தெரியாது.

"பால்மிரா, இந்த மூணையும் பன்னிரண்டா பிரிக்கலாம்."

"எதை?"

"எர்சீலியா அக்காவோட ஒயினை. எல்லாக் கூஜாவிலேயும் ஊத்திடுவோம். தேறினா பன்னிரண்டும் தேறும்; தோத்தா பன்னிரண்டும் தோக்கும். அவங்களுக்கு மட்டும் அநியாயம் நடக்க வழியே இல்லை பாரு!"

தன் வாழ்நாளின் முதல் புரட்சிகர எண்ணத்தைத் தானே கேட்டு நசாரியோவுக்குப் புல்லரித்தது. பால்மிரா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"பதினோரு வாய்க்கே இப்படின்னா, நல்லவேளை பன்னிரண்டாவது இல்லை," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கப் போனாள்.

பதினொரு மணிக்கு நடுவர்கள் இறங்கி வந்தார்கள்.

முதலில் தலைவர் கவலியெரே வெஸ்மே. கவலியெரே என்பது அரசு அளித்த பட்டம். தம் பெயரை ஒருவர் மறந்தால் மன்னிப்பார். பட்டத்தை மறந்தால் மன்னிக்க மாட்டார். அவருடைய தாத்தாவின் முறுக்கு மீசைப் படம் அவர் விற்கும் ஒவ்வொரு புட்டியின் லேபிளிலிருந்தும் ஊரை முறைத்துக்கொண்டிருக்கும். அடுத்து மருந்துக் கடைக்காரர் தீபுர்சியோ. தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். மூன்றாவதாக, தூரின் நகரத்திலிருந்து முதன்முறையாக வரவழைக்கப்பட்ட சுவை வல்லுநர் ரொமில்டா அம்மையார். நம் தேவாலயத்தை அவர் உள்ளே சென்று பார்த்ததே இல்லை. மூவரில் கண் உண்மையாகவே கட்டப்பட்டிருந்தது இவர் ஒருவருக்குத்தான்.

"தரை ஏன் இவ்வளவு ஈரம்?" என்றார் தலைவர்.

"உங்களுக்காகக் கழுவினது, கவலியெரே ஐயா."

"சிவப்பா கழுவியிருக்கே?"

"பால்மிரா புதுச் சோப்பு போட்டிருக்கா."

"சரி, சீக்கிரம் ஆகட்டும்," என்றார் தீபுர்சியோ. "ஒரு மணிக்கு விடுதியிலே பூண்டும் நெத்திலியும் எண்ணெயிலே கொதிச்சுக்கிட்டு இருக்கும். ஆறினா நல்லா இருக்காது."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "அம்மா ரொமில்டா, நீங்க புதுசு, அதனாலே சொல்றேன். இந்த ஊர் ஒயினை நான் மோந்தே எந்தச் சரிவுன்னு சொல்லிடுவேன். என்னோடதுன்னா கேக்கவே வேண்டாம். நான் செத்துக் கிடந்தாலும் நாக்குலே ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, எழுந்து உக்காருவேன்."

"உக்காந்துடுவார்," என்றார் தீபுர்சியோ.

நசாரியோ முதல் கூஜாவை ஊற்றினார்.

தலைவர் கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். ஒரு துளிக் கண்ணீரும் வந்தது.

"ஆஹா! காஞ்ச ரோஜா. அதுக்குப் பின்னாடி தார். புதுசாப் போட்ட ரோட்டு மேலே கல்யாண ஊர்வலம் போற மாதிரி! இது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனா எங்க தாத்தா மீசை இதுலே மணக்குது. எழுது நசாரியோ, தொண்ணூத்தாறு."

"எனக்கு அந்த முறுக்கே தெரியுது," என்றார் தீபுர்சியோ.

ரொமில்டாவும் நல்ல ஒயின் என்றே எழுதினார்.

இரண்டாம் கூஜா வந்தது. ரொமில்டா முகர்ந்தார், சுவைத்தார், மறுபடி முகர்ந்தார். "மன்னிக்கணும். எனக்கு இதுவும் முதல் கூஜாவும் ஒண்ணாவே தெரியுதே?"

தலைவர் இரக்கத்தோடு சிரித்தார். "தூரின் புகைம்மா. மூக்குலே படிஞ்சிருக்கும். நாலஞ்சு ஆச்சுன்னா தெளிஞ்சுடும்."

நகரத்து மூக்குக்கு நேர்ந்த அவமானம்!  அதன்பின் ரொமில்டா ஒவ்வொரு கூஜாவுக்கும் ஒரு வித்தியாசத்தைக் கற்பனையிலிருந்து கடன் வாங்கினார். நான்காவதில் வயலட் பூ, ஆறாவதில் மழைக்குப் பிந்திய குதிரை லாயம், ஒன்பதாவதில் சொற்கள் தீர்ந்துபோய்ப் 'பழைய பியானோவின் உட்புறம்'. நசாரியோ ஒன்றும் விடாமல் எழுதினார். பியானோவுக்கு மட்டும் எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது தீபுர்சியோவின் சொந்த எண்.

"மருந்து வாடை துளிக்கூட இல்லை. ஆச்சரியம்," என்றார் தலைவர்.

தீபுர்சியோவின் காது சிவந்தது. "யாரோ, பாவம், நல்லா உழைச்சிருக்கான்."

ஐந்தாவது மேயருடையது. "கனம் இருக்கு. அதிகாரம் இருக்கு. துவர்ப்பு கொஞ்சம் கூட்டம் கூட்டிப் பேசுது, ஆனா பேசட்டும். எண்பத்தொன்பது."

எட்டாவது, தலைவரோடு ஏழாண்டுகளாகப் பேசாத மைத்துனனுடையது. தலைவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நாய். நனைஞ்ச நாய்."

"ரெண்டு நாய்," என்றார் தீபுர்சியோ, கடிகாரத்தைப் பார்த்தபடி.

கேளுங்கள், சாட்சிகளே! ஒரே ஒயின், ஒரே திராட்சை, ஒரே மண். முதல் இருக்கையில் மீசையாக மணந்தது எட்டாம் இருக்கையில் நாயாக நாறியது. மாறியது ஒயினா? மாறியது தேவாலயத்து மரப் பலகை!

பன்னிரண்டாம் கூஜா வந்தது. தலைவர் கோப்பையைத் தொடக்கூட இல்லை. தள்ளியிருந்தே மூக்கைச் சுளித்தார்.

"வடக்குச் சரிவு. வெயிலே படாத மண்ணு. பச்சைத் துவர்ப்பு, பரம்பரையே இல்லாத ஒயின். இதுலே திராட்சை வெச்சதே தப்பு. ஹேசல் கொட்டை மரம் வெச்சிருந்தா அணிலாவது வாழ்த்தியிருக்கும். நாப்பத்தொண்ணு போடு."

"இன்னும் குடிக்கவே இல்லையே, ஐயா?" என்றார் நசாரியோ.

"குடிச்சுப் பாத்துத்தான் சாக்கடைன்னு சொல்லணுமா? எழுது: மூணாவது தோல்வி. பதிவேட்டை எடு."

நசாரியோ பேனாவை எடுத்தார். மையைத் தொட்டார். முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்தார். பதினான்கு ஆண்டுகளாய்க் குனிந்தே இருந்த கழுத்து அன்று நிமிர்ந்தது. குடித்த பதினொரு வாய் அதற்கு உதவியது என்று சொல்வோர் சொல்லட்டும். நான் மனச்சாட்சி என்றே சொல்வேன்.

"எழுத மாட்டேன்."

"என்ன?"

"எழுத மாட்டேன், கவலியெரே! பன்னிரண்டும் ஒரே ஒயின். முப்பத்து மூணு புட்டியும் காலையிலே உடைஞ்சுபோச்சு. எர்சீலியா அக்கா கொண்டாந்த மூணு புட்டியைத்தான் எல்லாக் கூஜாவிலேயும் ஊத்தினேன். உங்க தாத்தா மீசையும் அதுதான். நனைஞ்ச நாயும் அதுதான்!"

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. 

"ரெண்டு நாய்னு வேற சொல்லிட்டேனே," என்று முனகினார் தீபுர்சியோ.

ரொமில்டா மேசையை ஓங்கி அறைந்தார். "ரெண்டாவது கூஜாவிலேயே சொன்னேன்! புகையாம், மூக்குலே படிஞ்சிருக்காம்! என்னைப் பியானோவுக்குள்ளே தலையை விட வெச்சுட்டீங்களே, பெரியவரே!"

தலைவர் முகம் ஒயினின் நிறத்துக்கு வந்தது. "இந்தச் சுவைப்பு செல்லாது! கிழிச்சுப் போடு!"

"செல்லாதுன்னு யார் சொன்னது?" என்றார் ரொமில்டா. "ஒவ்வொரு தாளிலேயும் மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். கிழிச்சீங்கன்னா தூரினுக்குப் போய் முதல் வேலையா இந்த மீசைக் கதையைத்தான் சொல்லுவேன். மத்தவங்க அடுத்த வாரம் புதுப் புட்டி கொண்டாரட்டும். இந்த ஒயினுக்குத் தீர்ப்பு இன்னைக்கே வேணும். ஒரே ஒயினுக்கு ரெண்டு தீர்ப்பு இருக்க முடியாது. முதல் கூஜா சரின்னா, இதுக்குத் தொண்ணூத்தாறு. ஊரிலேயே முதல். பன்னிரண்டாவது சரின்னா, பதிவேட்டிலேருந்து நீக்கம். எது?"

நசாரியோவின் நெஞ்சு துள்ளியது. தொண்ணூற்றாறு! அநீதி அகப்பட்டுக்கொண்டது, வெளியேற வழியில்லை என்று நினைத்தார். அந்தோ, அநீதிக்கு எப்போதும் பின்வாசல் உண்டு என்பதை எழுத்தர்கள் அறிவதில்லை.

தலைவர் எழுந்தார். கதவுச் சந்தின் கடைசி இருக்கைக்காரி தம் முதல் இருக்கைக்கு மேலே ஏறுவதா? சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"பன்னிரண்டாவதுதான் சரி. முதல் கூஜாவிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கிண்டலுக்குச் சொன்னேன். ரோட்டு மேலே கல்யாணம்னா அது பாராட்டாய்யா?"

"கண்ணுலே தண்ணி வந்துச்சே?" என்றார் ரொமில்டா.

"நாத்தத்துலே வந்தது! எழுதுடா நசாரியோ. 'இந்தக் கூஜாக்கள் பன்னிரண்டிலும் உள்ள ஒயின் ஒன்றே. பன்னிரண்டு முறை சுவைத்தும் பன்னிரண்டு முறையும் கேவலமாக இருந்தது. இதை ஆக்கிய கை திராட்சைக் கொடிக்குத் துரோகம் செய்த கை. இது விளைந்த தோட்டம் இன்றே பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. இதற்கு மேல்முறையீடு கிடையாது.'"

நசாரியோவின் கண் கலங்கியது. அவளைக் காப்பாற்றக் கிளம்பியவர் அவளைப் பன்னிரண்டு மடங்கு தோற்கடித்துவிட்டார்.

"எர்சீலியா அக்கா பேரையும் எழுதணுமா, ஐயா?"

"பேரா? யார் பேரும் எழுதக் கூடாது! எந்த ஒயின்னு எழுது, எவளோடதுன்னு எழுதாதே. இங்கே ஆள் பாத்துத் தீர்ப்புச் சொல்றது கிடையாது. எழுதி முடிச்சுட்டுச் சாவியை மேசையிலே வெச்சுட்டுப் போ. நாளைலேருந்து உனக்கு வேலை இல்லை."

தலைவர் கையெழுத்திட்டார். தீபுர்சியோ கொதிக்கும் பூண்டை நினைத்தபடி கையெழுத்திட்டார். ரொமில்டா, "ஒரே தீர்ப்புன்னு நானேதான் கேட்டேன். ரெண்டு பேர் சொன்னா அதுதான் விதி," என்று வெறுப்போடு கையெழுத்திட்டார். சிவப்பு மெழுகு உருகி விழுந்தது; அதன்மேல் சங்கத்தின் முத்திரை இறங்கியது.

எர்சீலியாவைக் கூப்பிட்டார்கள். அவள் தாளை வாங்கி, விரலை வரிமேல் ஓட்டி, நிதானமாகப் படித்தாள்.

"பன்னிரண்டு கூஜாவிலேயும் நான் கொண்டாந்ததுதானா?"

"எல்லாம் அதுதான்," என்றார் தலைவர்.

"நல்லா குடிச்சுப் பாத்தீங்களா?"

"பன்னிரண்டு தடவை."

"இது உங்க கையெழுத்துதானே? நாளைக்கு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"வெஸ்மே குடும்பத்துலே யாரும் வார்த்தை மாறினது இல்லை."

"அப்ப சரிங்க." தாளை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நசாரியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பெண் அழுவதைப் பார்க்க அவருக்குத் திராணி இல்லை. பார்த்திருந்தால் அவள் அழவில்லை என்று தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில் பால்மிரா முழங்கை வரை நனைந்தவளாய் உள்ளே வந்தாள். ஈரக் கையில் கொழகொழவென்று ஏதோ தொங்கியது.

"ஏன் நசாரியோ, தொட்டியை அடைச்சது உங்க காகிதம்னுதானே சொன்னீங்க? கையை விட்டு இழுத்துப் பாத்தா, மூணு லேபிள்!" என்று சொல்லி, அவற்றை ஒவ்வொன்றாய் மேசைமேல் ஒட்டவைத்தாள். "வீட்டுக் குழாய் உறைஞ்சுபோச்சுன்னு எர்சீலியா விடிகாலையிலே புட்டி மூணை என் தொட்டியிலே ஊறப்போட்டுக் கழுவிக்கிட்டு இருந்தா. கடைப் புட்டியோட லேபிளை உரிச்சிருக்கான்னு இப்பத்தான் புரியுது. கவலியெரே ஐயா, மூணுலேயும் மீசையை முறுக்கிக்கிட்டு இருக்குறது உங்க தாத்தாதானே?"

சாட்சிகளே, மெழுகு காய்ந்துவிட்டது; நீக்கப்பட்டது முதல் இருக்கையின் தோட்டம். மெர்லா குன்றின் ஒயினோ இன்னும் மூன்றாம் முறை சுவைக்கப்படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். வாருங்கள், முதல் இருக்கைக்காரரும் வாருங்கள், கதவுச் சந்துக்காரரும் வாருங்கள். நசாரியோவின் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எண்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கச் சொல்லிக் கை உயர்த்துங்கள். குலுக்கி முடியும்வரை உயர்த்திய கையை ஒருவரும் கீழே இறக்காதீர்கள்!